இடது சீட்டு மேட்

கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ். தணிகாசலம் காலை ஓங்கி அமுக்கினான். அமுக்கி என்ன? அவன் உட்கார்ந்திருந்தது இடது சீட்டில். பிரேக், வண்டியோட்டிய மடத்து அம்மாவின் காலடியில் இருந்தது.

கறுப்புக் கார். தணிகாசலத்தைவிட வயசு கூட. பெல்ட் கிடையாது. கதவு ஆட, கியர் முனக, மலையிறங்கிக்கொண்டிருந்தது. பின்சீட்டில் நிறைமாசமாய் அவன் மனைவி பூரணி. ஏற்கெனவே ரெண்டு தடவை கலைந்துபோனது. அதனால் இந்தத் தடவை வலிக்குக் காத்திருக்காமல் இன்றைக்கே வந்து சேரச் சொல்லிவிட்டார் டாக்டர்.

அந்த மலையில் ஒரு வழக்கம். பிரசவத்துக்கு இறங்கும் பெண்ணை மடத்து அம்மாதான் தன் காரில் கொண்டுபோய் விடுவார். பூரணியும் அதில்தான் ஏறுவேன் என்றாள். தணிகாசலம் அம்மாவின் சீடன், வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. ஆனாலும் மனசு கேட்கவில்லை. தன் புதுக் காரை டிரைவரிடம் கொடுத்து, பின்னாலேயே வரச் சொல்லியிருந்தான்.

பஸ் போய்விட்டது. அவன் கால் இன்னும் அமுக்கியபடியே இருந்தது.

"நீங்க அமுக்குற அமுக்குல ரோடே நின்னுரும்," என்றாள் பூரணி.

"இந்த வண்டியில உட்கார்ந்தா எவனுக்கும் கால் அமுங்கும்."

சொல்லிவிட்டுக் குனிந்து பார்த்தான். அவன் கால் இருந்த இடத்தில் மட்டும் ரப்பர் மேட் தேய்ந்து, அடியில் தகரம் தெரிந்தது.

"இதை யாரும்மா தேய்ச்சது?"

"அந்த சீட்டுல உட்கார்ந்து வந்த புருஷன்மாருங்கதான்."

அவனுக்கு அது போதும். பார்த்தீர்களா, இத்தனை பேர் இந்த வண்டியில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள் என்று ஆரம்பித்தான். தன் வண்டியில் ஆறு ஏர்பேக், வழுக்கினால் அதுவே பிடித்துக்கொள்ளும், பக்கத்தில் எது வந்தாலும் சத்தம் கொடுக்கும் என்று மூச்சுவிடாமல் அடுக்கினான். கடைசியில் கேட்டேவிட்டான்.

"எதும்மா நல்ல வண்டி? உள்ளதைச் சொல்லுங்க."

அம்மா வண்டியை ஓரங்கட்டினார். பூரணியைக் கைப்பிடித்து இறக்கி, பின்னால் வந்து நின்ற புது வண்டியில் ஏற்றினார். டிரைவரிடம் பழைய கார் சாவியைக் கொடுத்தார். நீ ஓட்டுகிறாயா என்று தணிகாசலத்தைக் கேட்டார். அவன் பூரணியைத் திரும்பிப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று தலையாட்டினான். ஸ்டியரிங்கை அம்மாவே பிடித்தார். அவன் மறுபடியும் இடது சீட்டு.

புது வண்டி சத்தமே இல்லாமல் இறங்கியது. குளுகுளு என்று ஏசி. பூரணி சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். தணிகாசலம் பெல்ட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தான். கெட்டியாகத்தான் இருந்தது.

ஒரு வளைவு நிம்மதியாகப் போனது. அடுத்ததில் ஒரு பால் லாரி. பின்னால் பூரணி லேசாக முனகினாள். அம்மா ஒதுங்கி வழிவிட்டார். லாரி போய்விட்டது. அப்புறம் ரோட்டில் யாருமே இல்லை.

அம்மா ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மேட் புதுசு, தணிகாசலம். காலை எடுப்பா."

அவன் குனிந்து, அமுக்கியபடியே இருந்த தன் காலைப் பார்த்தான். எடுக்கவில்லை.