மாமனுக்கு வைத்த இரண்டு கங்கு

அந்தக் காலத்தில், உடம்புக்குள் குடியிருந்தவர்கள் எல்லாம் வாய்விட்டுப் பேசுவார்கள். நம்பாவிட்டால் போங்கள், நான் வேறு ஆளுக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

கொம்பையா என்றொரு வேடன். அவன் உடம்புக்குள் ஓர் அடுப்பு. அது எரிந்தால்தான் அவனுக்கு நடையும் மூச்சும். அந்த அடுப்பக்காவுக்கு இரண்டு தம்பிகள்: மூத்தவன் கொழுப்பு, இளையவன் சர்க்கரை. விறகு கொண்டுவருவது இருவர் வேலை. கொழுப்பின் கட்டு பெரிது. ஆனால் ஆள் அசைந்து அசைந்துதான் வருவான். சர்க்கரையோ கைப்பிடிச் சுள்ளியோடு குடுகுடுவென்று ஓடிவந்துவிடுவான்.

ஒருநாள் கொம்பையா தேனும் பன்றிக்கறியும் தின்றான். சர்க்கரை முந்திக்கொண்டான்.

"வாடா என் தங்கம்!" என்றாள் அக்கா.

பின்னால் வந்த கொழுப்புக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சுமக்கிறது நான், தங்கம் அவனா?"

"நீங்க மெதுவா வாங்கண்ணே, பந்தி முடியட்டும்" என்று சிரித்தான் சர்க்கரை.

கொழுப்பு கட்டைத் தொப்பென்று போட்டான். "இனிமே தாய்மாமனை அழைக்கிற மாதிரி வெற்றிலை பாக்கு வச்சு அழைக்காம இந்த வாசலை மிதிக்கமாட்டேன். சத்தியம்!" போய் இடுப்போரத்தில் விறகுக்கட்டின்மேல் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டான்.

பிறகு அடைமழை. வேட்டை இல்லை. சுள்ளி சீக்கிரமே தீர்ந்தது. கொம்பையா ஒரு பாறை இடுக்கில் சுருண்டு கிடந்தான், நகமெல்லாம் நீலம்.

"தம்பி, வாடா! ஆள் போயிருவான்!" என்று அலறினாள் அடுப்பக்கா.

"வெற்றிலை எங்கே?" கொழுப்பு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வெற்றிலைக்கு எங்கே போவது? அடுப்பில் மிச்சம் இரண்டே கங்கு. அக்காவின் மகன் நொதி, குள்ளமான மீசைக்காரன், இரண்டையும் அள்ளித் தட்டில் வைத்தான்.

"அடேய், அதுவும் போனா வீடே இருட்டுடா!"

"நீ சும்மா இரும்மா." தட்டை மாமன் முன்னால் வைத்தான். "மாமா, வீட்டில இருந்ததே இவ்வளவுதான். எழுந்திரிங்க."

கொழுப்பு தட்டைப் பார்த்தான். "சின்னவனுக்கும் இப்படி வச்சியா?"

"முதல் மரியாதை மூத்த மாமனுக்குத்தானே!"

அவ்வளவுதான், முகம் மலர்ந்துவிட்டது. கங்குகளை ஏந்திக்கொண்டு, கட்டைத் தூக்கிவந்து போட்டான் பாருங்கள், அடுப்பு கூரைவரை எரிந்தது! கொம்பையா எழுந்து மழையிலேயே நடந்தான்.

நொதியைப்போல் ஓர் ஆளை உண்டாக்கும் குறிப்பு கொம்பையாவின் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் உடம்போடு வந்தது. அதைத்தான் டாக்டர்கள் மரபணு என்கிறார்கள்.

அன்று முதல்தான் நொதி கங்கு வைத்து அழைக்காமல் கொழுப்பு அடுப்படிக்கு வருவதில்லை. உங்கள் இடுப்பைத் தொட்டுப் பாருங்கள்: கட்டின்மேல் உட்கார்ந்து, தம்பிக்கு என்ன வைத்தார்கள் என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.