இருபதுக்குக் கீழே இறங்காத கல்யாணக் கார்

மொட்டப்பாறைக்காரர்களுக்குப் புத்தி இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நிறையவே இருக்கிறது. கூறைப்புடவை மாதிரி மடிப்புக் கலையாமல் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்த ஊர் செங்கோடனுக்கு மலைமேல் ஓர் ஊரில் பெண் நிச்சயமாகியிருந்தது. பெயர் பவளக்கொடி. மாப்பிள்ளை வீட்டார் கிளம்பி வந்த லட்சணத்தில் ஏற்கெனவே இரண்டு முகூர்த்தம் தவறிப்போயிருந்தது.

"வெள்ளிக்கிழமை பத்தரைக்குள்ள தாலி ஏறணும். இதுவும் தப்புச்சுன்னா பொண்ணு உங்களுக்கு இல்லீங்க" என்று பெண்ணின் அப்பா கறாராகச் சொல்லிவிட்டார்.

செங்கோடனின் மாமன் வெள்ளியங்கிரி உடனே போய் ஒரு கரண்ட் கார் வாங்கி வந்தார். கடைப் பெண் சொன்னதை வரி விடாமல் வீட்டில் ஒப்பித்தார்: "நிழல்ல நிறுத்தி சார்ஜ் போடணும். எட்டு மணி நேரத்துல நிறைஞ்சுரும். இருபதுக்குக் கீழ எறங்க விடக்கூடாது, பேட்டரிக்கு ஆகாது. இதுல ஒரு சொல் தாண்டக்கூடாது, ஆமா!"

வியாழக்கிழமை காலை வேப்பமரத்து நிழலில் காரை நிறுத்தி வயரைச் சொருகினார்கள். கொஞ்ச நேரத்தில் நிழல் நகர்ந்தது. வயரைப் பிடுங்கி, காரைத் தள்ளி, மறுபடி சொருகினார்கள். நிழல் மறுபடி நகர்ந்தது. மத்தியானத்துக்கு மேல் அது வயர் எட்டாத இடத்துக்கே போய்விட்டது. சரி, திரும்பி வரட்டும் என்று காத்திருந்தார்கள்.

எட்டு மணி நேரம் முடிந்தபோது சார்ஜ் முள் நூற்றுக்கு முப்பத்தாறு என்று காட்டியது.

"நிறையலீங்களே மாமா?" என்றான் செங்கோடன்.

"எட்டு மணி நேரம் ஆச்சா இல்லையா? அப்ப நிறைஞ்சுருச்சு. சில பேருக்கு ரெண்டு இட்லியிலயே வயிறு நிறையறதில்லையா? அது மாதிரி."

வெள்ளிக்கிழமை காலை மாமன், சித்தப்பா குழந்தைவேலு, மச்சான் பொன்னரசு, மாலையோடு செங்கோடன் என்று நாலு பேரும் கிளம்பினார்கள். மலைப்பாதைக்குப் பன்னிரண்டு வளைவு. ஏழாவது வளைவில் முள் இருபதைத் தொட்டது. மாமன் சடக்கென்று பிரேக் போட்டார். மணி ஒன்பது.

"எறங்கி நடந்துரலாமா?" என்றார் சித்தப்பா.

"காரை வாங்கிட்டு நடந்தா ஊரு சிரிக்காதா?"

கன்னத்தில் கை வைத்து மூவரும் யோசித்தார்கள். செங்கோடனுக்கு அழுகையே வந்துவிட்டது. கடைசியில் பொன்னரசு சொன்னான்: "காரும் போகணும், சார்ஜும் போகக்கூடாது. தள்ளிருவோம்."

"இவனுக்குத்தான்டா மூளை!" என்று மாமன் அவனைக் கட்டிக்கொண்டார்.

மாலை கசங்கக்கூடாது என்று மாப்பிள்ளையை மட்டும் உள்ளே விட்டுவிட்டுத் தள்ளினார்கள். பெண்ணின் அண்ணன் மயில்சாமி, இவர்களைத் தேடிக்கொண்டு நாலு பையன்களோடு வழியில் எதிர்ப்பட்டான்.

"ஏனுங்க, இருபது காட்டுதே, ஓட்டலாமில்ல?"

"மாப்ள, உங்க தங்கச்சியைக் கண்ணு கலங்காம வெச்சுக்கங்கன்னு சொன்னீங்களா இல்லையா?" என்று கேட்டார் மாமன்.

"சொன்னமுங்க."

"அதைக் கேக்கோணுமா, வேண்டாமா?"

"கேக்கோணும்."

"அப்ப கடைக்காரப் புள்ள சொன்னதையும்தான் கேக்கோணும். கை போடுங்க."

மயில்சாமி வேட்டியை மடித்துக் கட்டினான். கை போட்டான். பத்து இருபத்தைந்துக்கு மண்டபம் போய்ச் சேர்ந்தார்கள். பத்து இருபத்தொன்பதுக்குத் தாலி ஏறியது.

"சார்ஜ் தீந்துபோச்சுங்களா சம்பந்தி?" என்று கேட்டார் பெண்ணின் அப்பா.

"தீர விட்ருவமா? இருபதும் அப்படியே இருக்குது, வந்து பாருங்க!"

அவரும் வந்து பார்த்தார். "பொருளைப் பேணத் தெரிஞ்ச எடம்" என்று மனசு நிறைந்து மகளைக் காரில் ஏற்றி அனுப்பினார்.

அடிவாரம் வந்ததும் மாமனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "இருபத்தி நாலு காட்டுது! நாலு எப்படிக் கூடுச்சு?"

"எறக்கத்துல வந்தா அதுவே கொஞ்சம் ஏறிக்குமுங்க" என்றாள் பவளக்கொடி.

"எந்த எறக்கத்துல?"

"எங்க ஊரு எறக்கத்துலதான்."

"கேட்டியா குழந்தைவேலு? பொண்ணு வீட்டுப் பொருளு! சொல்லாம எடுத்துட்டு வந்துட்டமே, நாளைக்கு நம்மள என்ன பேசுவாங்க?"

"குடுத்துட்டு வந்துரலாம்" என்றார் சித்தப்பா, கண் கலங்கி.

காரைத் திருப்பினார்கள். இரண்டாவது வளைவிலேயே நாலும் தீர்ந்து முள் இருபதுக்கு வந்தது. மீதிப் பத்து வளைவும் தள்ளினார்கள்.

மண்டபத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். பெண்ணின் அப்பா எட்டிப் பார்த்து, "இருபது. கணக்கு சரியா இருக்குது" என்றார். ஆளுக்கு ஒரு வாய் ரசம் சோறு போட்டு அனுப்பினார். அடிவாரம் வந்து பார்த்தால் மறுபடி இருபத்தி நாலு.

பொங்கலுக்குச் சீர் கொண்டுபோன பவளக்கொடியின் அம்மா, ஒன்பதாவது வளைவிலேயே மகளைப் பார்த்துவிட்டாள். பின்னால் மூன்று ஆண்கள் மூச்சிரைக்கத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"போன எடம் எப்படி சாமி இருக்குது?" என்று கேட்டாளாம்.

"இன்னும் போய்ச் சேரலம்மா" என்றாளாம் பவளக்கொடி. "ஆனா காரு நல்ல வசதி."