சடையன் பின்னிய ஸ்வெட்டர்

பனிக்கரடு மலையில் ஒரு சோலைக்காடு. அந்தக் காட்டில் ஒரு குரங்குக் கூட்டம். அந்தக் கூட்டத்திலேயே வயதான குரங்கின் பெயர் சடையன்.

பேர்தான் சடையன்! ஒரு காலத்தில் முதுகெல்லாம் புசுபுசுவென்று முடி இருந்ததால் வைத்த பேர் அது. இப்போது அந்த முதுகில் முடியைத் தேடித்தான் பார்க்க வேண்டும். முழங்கால் வேறு மடக்கினால் நீட்ட வராது, நீட்டினால் மடக்க வராது. பிடிவாதம் ஒன்று மட்டும் தேயாமல் அப்படியே இருந்தது.

அந்த மலையில் மார்கழி பிறந்தால் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்துவிடும். அதனால் குரங்குகள் அதற்கு முன்பே வழுக்குப்பாறை வழியாக அடிவாரத்துப் புளியந்தோப்புக்கு இறங்கிவிடும். மாசியில்தான் மறுபடி மேலே ஏறி வரும். வழுக்குப்பாறையில் இறங்குவது லேசுப்பட்ட காரியம் இல்லை. பாறைக்குப் பாறை தாவ வேண்டும்.

கார்த்திகையில் ஒருநாள் கூட்டத்தலைவன் துடுக்கன் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றது.

“பெரியப்பா, கோவிச்சுக்காதீங்க. போன வருஷமே உங்களைத் தூக்கிக்கிட்டுத்தான் இறங்கினோம். அந்தக் களேபரத்துல ஒரு குட்டி பள்ளத்துல விழப் பாத்துச்சு!”

“தெரியும்டா. என்னால குட்டிகளுக்கு ஆபத்து வேண்டாம். நான் இங்கேயே இருந்துக்கறேன்.”

“இங்கேயா? ஒத்தையில கிடந்தா விறைச்சுப் போயிடுவீங்களே!”

“அதை நான் பாத்துக்கறேன், நீ போ!”

வீறாப்பாகச் சொல்லியாகிவிட்டது. எப்படிப் பார்த்துக்கொள்வது என்றுதான் சடையனுக்குத் தெரியவில்லை. குரங்குகள் குளிரில் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டுதான் தூங்கும். ஒட்டிக்கொள்ள ஆளில்லாமல், முடியும் இல்லாமல், உறைபனியை எப்படித் தாங்குவது? சாவதற்கு அதற்கு விருப்பமே இல்லை.

காட்டின் ஓரத்தில் வனத்துறை செக்போஸ்ட் ஒன்று உண்டு. அங்கே காவல் இருப்பவர் மாரப்பன். பெரிய மீசை வைத்திருப்பார். அவர் மேல் எப்போதும் மயில்கழுத்து நிறத்தில் ஒரு கம்பளி ஸ்வெட்டர் இருக்கும்.

‘இந்த ஆளுக்கு என்னைவிட முடி கம்மி. ஆனா நடுங்கக் காணோமே!’ என்று சடையன் யோசித்தது. ‘எல்லாம் அந்தச் சட்டையாலதான். அது மாதிரி ஒண்ணு இருந்தா நான் பிழைச்சுக்குவேன்!’

இதைத் துடுக்கனிடம் சொன்னதுதான் தப்பாகப் போயிற்று.

“ப்பூ, இவ்வளவுதானா? இதோ ஒரு நொடியில!” என்றது துடுக்கன். மாரப்பன் ஸ்வெட்டரைத் துவைத்துக் கொடியில் காயப் போட்டிருந்த நேரம் பார்த்து, ஒரே தாவில் உருவிக்கொண்டு வந்துவிட்டது.

அப்புறம் நடந்ததைக் கேட்க வேண்டுமா? குரங்குக் கூட்டத்தில் ஒரு ஸ்வெட்டர்! “எனக்கு!”, “இல்லை, எனக்கு!” என்று ஒன்று கையைப் பிடித்து இழுத்தது. ஒன்று கழுத்தைப் பிடித்து இழுத்தது. ஒரு குட்டி தலைகீழாக உள்ளே புகுந்து வெளியே வரத் தெரியாமல் கத்தியது. பொழுது சாய்வதற்குள் ஸ்வெட்டர் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. மரத்துக்கு மரம் நூல்தான் தொங்கியது.

“சரி விடுங்க பெரியப்பா. கிடைச்சுச்சு, போச்சு!” என்று துடுக்கன் சிரித்தது.

சடையனுக்குச் சிரிப்பு வரவில்லை. நொண்டி நொண்டிப் போய், கிளைகளில் சிக்கியிருந்த நூலையெல்லாம் எடுத்து, அறுந்த இடங்களில் முடிச்சுப் போட்டு, ஒரு உருண்டையாகச் சுற்றி வைத்தது.

மறுநாள் மாரப்பன் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு குளிரில் புலம்பிக்கொண்டிருந்தார். “ஐயோ, பொண்டாட்டி தன் கையால பின்னிக் கொடுத்ததாச்சே! மாசி பிறந்தா இங்கே வருவாளே! பொன்னுத்தாயிக்கு என்ன பதில் சொல்லுவேன்?”

மனிதர் பயந்தே போய்விட்டார். டவுனுக்குப் போய் அதே நிறத்தில் கம்பளி நூலும் இரண்டு நீள ஊசிகளும் வாங்கி வந்தார். செக்போஸ்ட் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, தானே பின்ன ஆரம்பித்தார். வாழ்நாளில் அவர் ஒரு பொத்தான்கூடத் தைத்ததில்லை.

எதிர் மரத்தில் இருந்த சடையன் நிமிர்ந்து உட்கார்ந்தது.

“ஓ! சட்டை இப்படித்தான் உண்டாகுதா? அவரு கத்துக்கறாரு. நானும் கத்துக்கறேன்!”

ஊசிக்கு எங்கே போவது? நேராக முள்ளம்பன்றி முள்ளியின் வளைக்குப் போய், “முள்ளி, ஏ முள்ளி! உதிர்ந்த முள் ரெண்டு கொடு!” என்றது.

பகலில் தூங்குகிற முள்ளி எரிச்சலோடு எட்டிப் பார்த்தது. “எதுக்கு? பல் குத்தவா?”

“பின்னக் கத்துக்கப் போறேன்.”

“பின்னவா? இந்த வயசுலயா?” முள்ளி சிரித்த சிரிப்பில் அதன் முட்கள் கலகலவென்று ஆடின.

“வயசு எனக்குத்தானே? பின்னலுக்கு என்ன வந்துச்சு? முள்ளைக் கொடுப்பியா, மாட்டியா?”

“எடுத்துக்கோ, எடுத்துக்கோ. ஆனா பகல்ல வந்து என்னை எழுப்பாதே!”

அன்றிலிருந்து மாரப்பன் பெஞ்சில், சடையன் மரத்தில். மாரப்பன் ஒரு ஊசியில் வளையம் வளையமாக நூலை ஏற்றினார். சடையனும் முள்ளில் ஏற்றியது. அவர் மற்ற ஊசியை வளையத்துக்குள் விட்டு, நூலைச் சுற்றி, வெளியே இழுத்தார். சடையனும் விட்டது, சுற்றியது, இழுத்தது. விரல் வலித்தது. முள் குத்தியது. வளையம் நழுவியது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி செய்தது.

குரங்கல்லவா! பார்த்ததை ஒன்று விடாமல் செய்தது. வரிசை முடிந்ததும் மாரப்பன் மீசையைச் சொறிவார். சடையனும் மீசை இல்லாத உதட்டைச் சொறியும். அவர் பெருமூச்சு விட்டு, “பொன்னுத்தாயிக்கு என்ன பதில் சொல்லுவேன்?” என்பார். அது ஏதோ மந்திரம் என்று நினைத்துச் சடையனும், “பொன்னுத்தாயிக்கு என்ன பதில் சொல்லுவேன்?” என்று பயபக்தியோடு சொல்லும். சாயங்காலம் ஆனால் மாரப்பன் பின்னியதைத் தூக்கிப் பார்ப்பார். முகத்தைச் சுளிப்பார். எல்லாவற்றையும் சரசரவென்று அவிழ்த்துவிடுவார். சடையனும் முகத்தைச் சுளித்துவிட்டு, எல்லாவற்றையும் சரசரவென்று அவிழ்த்துவிடும்.

இப்படியே நாட்கள் ஓடின. மார்கழியும் நெருங்கிவிட்டது. குரங்குகள் புறப்பட ஆயத்தமாயின.

“என்ன பெரியப்பா, சட்டை எங்கே?” என்று துடுக்கன் கேட்டது.

சடையன் நூல் உருண்டையைக் காட்டியது. கூட்டமே விழுந்து விழுந்து சிரித்தது. ஒரு மந்தி மட்டும் கண் கலங்கி, “பத்திரமா இருங்க மாமா” என்று சொல்லி ஒரு கை நெல்லிக்காய் வைத்துவிட்டுப் போனது. அது சொன்ன விதத்திலேயே சடையனுக்குப் புரிந்துவிட்டது. மாசியில் தன்னை உயிரோடு பார்ப்போம் என்று ஒருவருக்கும் நம்பிக்கை இல்லை.

கூட்டம் போனபின் காடு வெறிச்சென்று ஆயிற்று. அன்று பொழுது சாயும் நேரம், இரை தேடக் கிளம்பிய முள்ளி அந்தப் பக்கமாக வந்தது. சடையன் மரத்தடியில் உட்கார்ந்து, பின்னியதை அவிழ்க்கத் தொடங்கியிருந்தது.

“நில்லு, நில்லு! எதுக்கு அவிழ்க்கறே?”

“அதுதான் கடைசிப் பாடம். சாயங்காலம் ஆனா அவிழ்க்கணும்.”

“யார் சொன்னது?”

“அவரு தினமும் அவிழ்க்கறாரே!”

முள்ளி தலையில் அடித்துக்கொண்டது. “அட என் கிறுக்கே! அவரு தப்பாப் பின்னறாரு, அவிழ்க்கறாரு! உன்னுடையதுல என்ன தப்பு?”

இத்தனை நாளும் சடையன் மாரப்பனின் கையைத்தான் பார்த்தது. தன் கையில் இருந்ததை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை!

முதல் தடவையாகத் தன் பின்னலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தது. நடுவில் ஒரு ஓட்டை. மற்றதெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஓட்டை எப்படி வந்தது? உற்றுப் பார்த்தது. ஒரு வளையம் நழுவி, அதற்கு மேல் நூல் சும்மா கிடந்தது. மற்ற இடத்தில் எல்லாம் ஒவ்வொரு வளையமும் தனக்குக் கீழே இருந்த வளையத்துக்குள் புகுந்து, அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது.

“முள்ளி! இங்கே பாரேன்! ஒண்ணு ஒண்ணைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு இருக்கு! நாங்க குளிர்ல தூங்கற மாதிரியே!”

நழுவிய வளையத்தை முள்ளின் நுனியால் பிடித்தது. மேலே கிடந்த நூலை அதற்குள் இழுத்தது. ஓட்டை மூடிக்கொண்டது.

சடையனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முழங்கால் வலியை மறந்து எழுந்து ஒரு குதி குதித்தது. “எனக்குப் புரிஞ்சுபோச்சு! எனக்குப் புரிஞ்சுபோச்சு!” பால்குடி மறக்காத வயதில் முதன்முதலாகக் கிளைக்குக் கிளை தாவியபோது இருந்த சந்தோஷம் அது. இனி ஒருமுறை அது வரும் என்று சடையன் நினைத்ததே இல்லை.

“ரொம்பக் குதிக்காதே. பனி வந்துக்கிட்டு இருக்கு. பின்னு!” என்றது முள்ளி.

சடையன் பின்னியது. இப்போது மாரப்பனைப் பார்க்கவில்லை. உதட்டைச் சொறியவில்லை. பொன்னுத்தாயியைக் கூப்பிடவும் இல்லை. வாய்க்குள் ஏதோ ஒரு பாட்டை முனகியபடி, விடிந்தது முதல் பொழுது சாயும் வரை பின்னியது. தப்பு வந்தால் அந்த இடத்தை மட்டும் சரி செய்தது. நூல் குறைவாக இருந்ததால் கை வைக்க முடியவில்லை. முதுகையும் மார்பையும் மூடினால் போதும் என்று முடித்துக்கொண்டது.

அதை மாட்டிக்கொண்ட மறுநாளே புல்வெளி வெள்ளை வெளேரென்று உறைந்து கிடந்தது. சடையன் மரப்பொந்தில் சுருண்டு படுத்தது. காது விறைத்தது. வால் விறைத்தது. ஆனால் மார்பில் சூடு இருந்தது. காலையில் முள்ளி பயந்துகொண்டே வந்து பொந்துக்குள் எட்டிப் பார்த்தது.

“சடையா! இருக்கியா?”

“இருக்கேன், இருக்கேன். பகல்ல வந்து என்னை எழுப்பாதே!”

முள்ளிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

மார்கழி போயிற்று. தை போயிற்று. அந்த நாட்களில் சடையன் சும்மா இருக்கவில்லை. மலைக்கு மேய வந்த ஆடுகளின் ரோமம் முட்செடிகளில் ஒட்டிக் கிடந்தது. அதைப் பொறுக்கி வந்து, தொடையில் வைத்து உருட்டி உருட்டி நூலாகத் திரித்துப் பின்னிக்கொண்டே இருந்தது.

மாசியில் குரங்குகள் திரும்பின. துடுக்கன் எலும்பைத்தான் பார்க்கப் போகிறோம் என்று தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தது. பார்த்தால், சடையன் வெயிலில் கால் நீட்டி உட்கார்ந்து பின்னிக்கொண்டிருக்கிறது!

“பெரியப்பா!” துடுக்கன் ஒரே தாவில் பக்கத்தில் வந்து நின்றது. “அதான் குளிர் போயிடுச்சே. இன்னும் எதுக்குப் பின்னறீங்க?”

“குளிருக்காகத்தான் ஆரம்பிச்சேன். இப்போதான்டா விரல் சொன்னபடி கேக்குது. இதை விட்டுட்டுச் சும்மா உட்காரச் சொல்றியா?”

இன்னொரு காரணமும் இருந்தது. அதைச் சடையன் யாரிடமும் சொல்லவில்லை. செக்போஸ்டில் மாரப்பன் பின்னியது இன்னும் ஒரு சாணைத் தாண்டவில்லை. பொன்னுத்தாயி வருகிற நாளோ வந்துவிட்டது!

அன்று விடியும் நேரம் மாரப்பன் கதவைத் திறந்தார். கொடியில் ஒரு ஸ்வெட்டர் தொங்கியது. உடம்பு மயில்கழுத்து நிறம்; குளிர் முழுக்கச் சடையன் போட்டிருந்த அதே சட்டை. பக்கவாட்டிலும் கைகளிலும் ஆட்டு ரோம வெள்ளை. ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. மாரப்பன் நாலு பக்கமும் பார்த்தார். அதற்குள் பஸ் சத்தம் கேட்டது. யோசிக்க நேரமில்லாமல் அவசரமாக மாட்டிக்கொண்டார்.

பொன்னுத்தாயி பையை இறக்கி வைத்துவிட்டுப் புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“என்னங்க இது? நான் பின்னினது இல்லையே! யாரு பின்னினது? குரங்கு பின்னின மாதிரி இருக்கு!”

மாரப்பன் மீசையைச் சொறிந்தார். எதிர் மரத்தில் சடையன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, பக்கத்தில் இருந்த துடுக்கனின் விலாவில் ஓர் இடி இடித்தது.

“கேட்டியாடா? பாத்த உடனே கண்டுபிடிச்சுட்டாங்க!”

பறித்துக்கொண்டு வந்தது ஒரே மத்தியானத்தில் கிழிந்து போகும். கற்றுக்கொண்டதோ, எந்த வயதில் கற்றிருந்தாலும், கடைசிவரை கூடவே இருக்கும்.