உறை கழற்றாத கம்ப்யூட்டர்கள்

கோவில்பட்டியில் ஒரு மளிகைக் கடை மாடியில், மூன்று பழைய கம்ப்யூட்டர்களோடு ஞானசுந்தரி மேடம் தொடங்கிய கம்ப்யூட்டர் கல்லூரி பதினெட்டு வருஷத்தில் நான்கு மாடிக் கட்டடம் ஆகிவிட்டது. தீப்பெட்டி ஆபீஸில் கூலி வேலை செய்கிறவர்களும் கட்டிவிடக்கூடிய கட்டணம். விளாத்திகுளத்தில் கிளை திறந்தபோது, முதல் வருஷம் தன்னிடம் படித்த இருதயராஜையே மேடம் முதல்வராக அனுப்பினார்.

அங்கேதான் சிக்கல். அதே கட்டணம், அதே பாடம், கம்ப்யூட்டர்கள் மட்டும் புத்தம் புதுசு. ஜூனில் அறுபது பேர் சேர்ந்தார்கள். தீபாவளி முடிந்தபோது இருபத்திரண்டு பேர் மிச்சம். இப்படியே போனால் கிளையை மூட வேண்டியதுதான். இருதயராஜுக்குச் சோறு இறங்கவில்லை. வெட்கத்தை விட்டு மேடத்துக்குப் போன் போட்டார்.

மறுநாளே பஸ் பிடித்து வந்துவிட்டார் மேடம்.

"எங்கே குறை வச்சேன்னு நீங்கதான் சொல்லணும், மேடம்."

"முதல்ல சுத்திக் காட்டு."

கம்ப்யூட்டர் அறை வாசலில் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. உள்ளே ஏ.சி. குளிர். கீபோர்டு ஒவ்வொன்றுக்கும் பிளாஸ்டிக் உறை. திரைகளின் ஓரத்தில் ஆயுதபூஜைச் சந்தனம்கூட அழியவில்லை. ஆசிரியர் முன்னால் செய்து காட்ட, மாணவர்கள் கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோயிலில்கூட நம் ஜனங்கள் இவ்வளவு அடக்கமாக இருந்து யாரும் பார்த்ததில்லை.

பக்கத்து அறையில் ஹார்டுவேர் வகுப்பு. பத்துப் பேர் மதர்போர்டைப் படம் வரைந்து கலர் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"இவங்க ஏன் வரையறாங்க?"

"ரிப்பேர் பண்ண இங்கே எதுவும் இல்லையே, மேடம்." இருதயராஜின் குரலில் லேசாகப் பெருமை எட்டிப் பார்த்தது.

அந்த நேரம் பார்த்து, படிப்பை நிறுத்திவிட்டு, சேரும்போது கொடுத்த பள்ளிக்கூடச் சர்ட்டிபிகேட்டைத் திருப்பி வாங்க வந்து நின்றாள் பேச்சித்தாய். தீப்பெட்டி ஆபீஸில் பதினைந்து வருஷமாகப் பெட்டி ஒட்டுகிறவள். கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டால் அங்கேயே கிளார்க் வேலை தருவதாக முதலாளி சொல்லியிருந்தார்.

"ஏம்மா நிக்கிறே?" என்றார் மேடம்.

"எனக்கு இது சரிப்பட்டு வராது, மேடம். தொட்டா கெட்டுப் போயிருமோன்னு நெஞ்சு அடிச்சிக்கிடுது. பெட்டியே ஒட்டிட்டுப் போறேன்."

மேடம் அவளைக் கைப்பிடித்து ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார். கீபோர்டின் உறையை உருவிக் கீழே போட்டார்.

"கெடுத்துக் காட்டு."

"மேடம்!" என்று பதறினார் இருதயராஜ்.

பேச்சித்தாய் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரு பட்டனைத் தட்டினாள். பிறகு நாலைந்தைச் சேர்த்துத் தட்டினாள். ஒன்றும் ஆகவில்லை.

"கெட மாட்டேங்குதே!" அவளுக்கு ரோஷமே வந்துவிட்டது. குனிந்து ஒயரைப் பிடுங்கினாள்.

திரும்பச் சொருகியபோது திரை கறுப்பாகவே நின்றது. பீப், பீப் என்று கத்தியது கம்ப்யூட்டர் பெட்டி. இருதயராஜ் ஓடி வந்து ஒயரை அழுத்தி அழுத்திப் பார்த்தார்.

"ஹார்டுவேர் பிள்ளைங்களா!" என்று பக்கத்து அறைக்குக் குரல் கொடுத்தார் மேடம்.

கலர் பென்சிலைப் போட்டுவிட்டுப் பத்துப் பேரும் ஓடி வந்தார்கள். மூடியைக் கழற்றினார்கள், ஆளுக்கு ஒன்று சொன்னார்கள், சண்டை போட்டார்கள். ஒருத்தி மெமரித் தகட்டை உருவி, "ரப்பர் இருக்கா, ரப்பர்?" என்றாள். பேச்சித்தாய்தான் தேடிக் கொடுத்தாள். பென்சில் ரப்பரால் தகட்டு விளிம்பின் களிம்பைத் தேய்த்துச் சொருகியதும் திரை வெளிச்சமானது. அறையே கைதட்டியது.

பேச்சித்தாய் திறந்து கிடந்த பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இம்புட்டுதானா?"

சர்ட்டிபிகேட் பேச்சை அவள் எடுக்கவே இல்லை. "இன்னொருக்கா பிடுங்கிப் பாக்கட்டுமா?" என்று கேட்டாள். அதற்குள் மற்றவர்களும் தங்கள் கீபோர்டு உறையைக் கழற்றத் தொடங்கியிருந்தார்கள்.

இருதயராஜ் பஸ் ஸ்டாப் வரை மேடத்தின் பின்னாலேயே போனார்.

"ஒருத்திக்கே இந்தப் பாடு, மேடம். எல்லாரும் கெடுக்க ஆரம்பிச்சுட்டா நான் என்ன செய்யறது?"

மேடம் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார்.

"நீயும் அந்த மூணு பழைய கம்ப்யூட்டரைக் கெடுத்துத்தானே படிச்சே? கூட்டம் தாங்காது, மேல ஒரு மாடி எடுக்க வேண்டியதுதான்."