பொந்துக்குள் கேட்ட குரல்

மலையடிவாரத்தில், ஓடைக்கரையை ஒட்டி உலகம்மையின் ஆசிரமம் இருந்தது. பொழுது சாயும் நேரம் சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகள் அங்கே கதை கேட்க வருவார்கள். கதை சொல்வதைத் தவிர உலகம்மை வேறெதையும் போதித்து யாரும் பார்த்ததில்லை.

அவரிடம் சீடராக வந்து சேர்ந்தவர் ஏகாம்பரம். குருவைவிட வயதில் மிகவும் மூத்தவர். வெகுகாலம் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்ந்தவர். அதனால் அங்கே சீடர் குருவை ‘அம்மா’ என்றார், குரு சீடரை ‘ஐயா’ என்றார்.

வந்த அன்றே ஏகாம்பரம் கேட்டார்.

“அம்மா, என்கிட்ட படிச்ச பிள்ளைங்க எதைக் கேட்டாலும் ஒப்பிப்பாங்க. ஆனா புதுசா ஒண்ணு எதிர்ல வந்து நின்னா, உடனே என் முகத்தைப் பார்ப்பாங்க. மனசுக்குள்ள ஒண்ணு சொல்லுமே, அதைக் கேக்க அவங்களுக்குத் தெரியலை. அதை எப்படிக் கத்துக் குடுக்கிறது?”

“இன்னிக்குக் கதை நீங்க சொல்லுங்க ஐயா” என்று உலகம்மை பிள்ளைகளோடு போய் உட்கார்ந்துகொண்டார்.

ஏகாம்பரம் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். அடைமழை. ஒதுங்க இடம் தேடி ஓடுகிறது ஓர் அணில்குட்டி. மரப்பொந்திலிருந்து ஒரு குரல், “உள்ளே வா, கதகதப்பாக இருக்கிறது” என்று கூப்பிடுகிறது. அணில்குட்டி நம்பி உள்ளே போகிறது. உள்ளே இருந்தது பாம்பு.

“இதிலேருந்து என்ன தெரியுது?” என்று கேட்டுவிட்டு, பதிலையும் அவரே சொன்னார். “முன்பின் தெரியாதவங்க கூப்பிட்டா போகக் கூடாது. எங்கே, எல்லாரும் சொல்லுங்க.”

பிள்ளைகள் ஒரே குரலில் சொன்னார்கள். ஏகாம்பரத்துக்குத் திருப்தியாக இருந்தது. உலகம்மையும் அவர்களோடு சேர்ந்து உரக்கச் சொன்னார்.

மறுநாள் உலகம்மை அதே கதையை எடுத்தார். அதே மழை, அதே பொந்து, அதே குரல். அந்த இடம் வந்ததும் நிறுத்திவிட்டு, மடியில் கிடந்த வேர்க்கடலையை உரிக்க ஆரம்பித்தார்.

பிள்ளைகள் பொறுத்துப் பார்த்தார்கள்.

“அப்புறம்?” என்றாள் மருதாயி. முன்பல் விழுந்த சிறுமி.

“அதான் எனக்கும் தெரியலை. அந்தக் குட்டிக்கு அப்போ எப்படி இருந்திருக்கும்?”

“குளிரும்” என்றது ஒரு குரல்.

“கதகதப்பா இருக்குன்னா, கூப்பிட்டவரு ஏன் எட்டிக்கூடப் பார்க்கலை?” என்றது இன்னொன்று.

“அதுக்கு வால் சிலிர்த்துச்சு” என்றாள் மருதாயி. “ஏன்னு அதுக்கே தெரியலை.”

“ஏன்னு தெரியலைன்னா என்ன செய்யும்?”

மருதாயி யோசித்தாள். “நனைஞ்சுக்கிட்டே கொஞ்ச நேரம் நிக்கும்.”

மாசாணம் என்ற பையன் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. “என் அணிலு உள்ளே போயிருச்சு. உள்ளே கிழட்டு ஆந்தைதான் இருந்துச்சு. ரெண்டும் சேர்ந்து கொட்டை தின்னுச்சு.”

“அப்படியா? நல்ல கொட்டையா?” என்று உலகம்மை அவனுக்கு ஒரு கடலையைக் கொடுத்தார். கதை அதோடு முடிந்தது.

பிள்ளைகள் போனதும் ஏகாம்பரம் வந்து நின்றார்.

“மாசாணம் தப்பா சொன்னான். நீங்க திருத்தலையே அம்மா?”

“உள்ளே போய்ப் பார்த்துட்டு வந்தான். அவ்வளவுதானே?”

“பாம்பு இருந்திருந்தா?”

“கதையில இருக்கிற பாம்பு கொத்தாது ஐயா. போய்ப் பார்க்கிறதுக்கு இதைவிட நல்ல இடம் அவனுக்கு எங்கே கிடைக்கும்?”

ஏகாம்பரத்துக்கு அது சமாதானமாகப் படவில்லை.

சில நாள் கழித்து மலைக்கோயிலில் தேர்த் திருவிழா வந்தது. பிள்ளைகளைக் கூட்டிப் போகும் பொறுப்பை ஏகாம்பரமே கேட்டு வாங்கிக்கொண்டார். கிளம்பும்முன் எல்லாரையும் வரிசையாக நிறுத்தினார்.

“கூட்டத்துல பிரிஞ்சு போயிட்டா நின்ன இடத்திலேயே நிக்கணும். தெரியாதவங்ககிட்ட பேசக் கூடாது. என்ன சொன்னேன்?”

பிள்ளைகள் சொன்னதையே திருப்பிச் சொன்னார்கள்.

தேர் முக்குத் திரும்பும்போது கூட்டம் முண்டியது. அது அடங்கியதும் ஏகாம்பரம் தலைகளை எண்ணிப் பார்த்தார். மருதாயியைக் காணவில்லை.

மற்றவர்களைத் தண்ணீர்ப் பந்தலில் இருந்த பெண்களிடம் ஒப்படைத்துவிட்டு ஓடினார். ராட்டினத்தடி, வளையல் கடை, மிட்டாய்க் கடை என்று எல்லா இடத்திலும் நின்று “மருதாயி, வாத்தியாரு இங்கே இருக்கேன்” என்று கூப்பிட்டார். தொண்டை கட்டிப்போனது. அவள் தாயிடம் என்ன சொல்வது என்று நினைத்துக்கொண்டே அடுத்த கடைக்கு ஓடினார்.

கடைத்தெருவின் கோடியில் அவள் கிடைத்தாள். அரிவாள் விற்கிற ஒருவரின் கடையில், கோணிச் சாக்கின்மேல் சம்மணமிட்டு, மிளகாய்ப்பொடி தூவிய வெள்ளரிக்காயைத் தின்றுகொண்டிருந்தாள். கடைக்காரருக்கு முறுக்கிய மீசை, ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. அவரைச் சுற்றி அரிவாளும் கத்தியும் குவிந்து கிடந்தன.

“நீர்தான் வாத்தியாரா?” என்றார் கடைக்காரர். “புள்ளையைக் கூட்டிட்டு வர்ற லட்சணமாய்யா இது? திருவிழா பூரா அது பேரைக் கத்திக்கிட்டுத் திரியறீரு. அதைக் கேட்டுட்டு எவனோ ஒருத்தன் பேரைச் சொல்லியே கூப்பிட்டிருக்கான். நான் எந்திரிச்சதும் கூட்டத்துல நழுவிட்டான்.”

ஏகாம்பரம் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு மருதாயியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு நடந்தார். கொஞ்ச தூரம் போனதும் கேட்டார்.

“யாரும்மா கூப்பிட்டது?”

“வெள்ளை வேட்டி மாமா. நல்லா சிரிச்சாரு. ‘மருதாயி, வாத்தியாரய்யா உன்னைக் கூட்டிட்டு வரச் சொன்னாரு’ன்னாரு.”

“பேரும் சரியாச் சொல்லியிருக்கான், என்னையும் சொல்லியிருக்கான். நீ ஏன் போகலை?”

“அவரு என்னைப் பார்த்துப் பேசலை. யாராச்சும் பார்க்கறாங்களான்னு பார்த்துக்கிட்டே பேசினாரு. எனக்குக் கையெல்லாம் சிலிர்த்துச்சு, ஏன்னு தெரியலை. ஓடிட்டேன்.”

“அரிவாக்கடைக்காரர் மட்டும் உனக்குத் தெரிஞ்சவரா?”

“இல்லையே.”

“பிறகு அவர்கிட்ட எப்படிப் போனே?”

“அதுக்கு முந்தி ஒரு ஆட்டுக்குட்டி அவரு கடைக்குள்ள புகுந்துருச்சு. அதைக் கண்டபடி வஞ்சாரு. வஞ்சுக்கிட்டே அரிவாளையெல்லாம் வேகவேகமா ஒதுக்கினாரு. அப்புறம் அதைத் தூக்கி வழியில விட்டாரு.”

“அதைப் பார்த்துத்தான் நல்லவருன்னு முடிவு பண்ணினியா?”

“முடிவெல்லாம் பண்ணலை” என்றாள் மருதாயி. “அவரு பக்கத்துல பயமா இல்லை.”

ஏகாம்பரம் நடையை எட்டிப் போட்டார். அவள் அவர் முகத்தை அண்ணாந்து பார்த்தாள்.

“கோவமா வாத்தியாரய்யா? நின்ன இடத்துல நிக்கலை. தெரியாதவங்ககிட்டயும் பேசிட்டேன்.”

ஏகாம்பரம் வழியில் ஒரு கடையில் நின்று அவளுக்கு ஓர் ஊதல் வாங்கிக் கொடுத்தார். எல்லாப் பிள்ளைகளோடும் ஆசிரமம் திரும்பும் வரை அவள் அதை ஊதிக்கொண்டே வந்தாள். நிறுத்தச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

ஓடையைத் தாண்டும்போது மெதுவாகக் கேட்டார்.

“அந்த நேரத்துல அணில்குட்டி கதை ஞாபகம் வந்துச்சாம்மா?”

“நீங்க சொன்னதா? அது நல்லா ஞாபகம் இருக்கே.” மருதாயி கதையை வரி விடாமல் சொல்லி, கடைசியில் முன்பின் தெரியாதவர் கூப்பிட்டால் போகக் கூடாது என்பதையும் ராகம் போட்டுச் சொன்னாள்.

“சரி. மறுநாள் அம்மா சொன்னாங்களே, அது?”

மருதாயி ஊதலை வாயிலிருந்து எடுத்தாள்.

“அதுலயும் அணிலா வந்துச்சு?” என்று கேட்டாள்.

மறுநாள் விடிந்ததும் ஏகாம்பரம் உலகம்மையைத் தேடிப் போனார். அவர் ஓடையில் பெரிய தவலையில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தார்.

“இதைக் கொஞ்சம் அடுப்படியில கொண்டாந்து வைங்க ஐயா.”

ஏகாம்பரம் தவலையைத் தோளில் ஏற்றி, மேடேறி, அடுப்படியில் இறக்கி வைத்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, திருவிழாவில் நடந்ததையெல்லாம் சொன்னார். தான் பயந்ததையும் மறைக்காமல் சொன்னார். உலகம்மை அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டே கேட்டார். ஆட்டுக்குட்டி வந்த இடத்தில் மட்டும் சிரித்தார்.

“ஒண்ணுதான் எனக்குப் பிடிபடலை அம்மா. நான் சொன்ன கதையை அவ எழுத்து விடாம வச்சிருக்கா. ஆனா தெரியாதவர் கடையிலதான் போய் ஒதுங்கினா. நீங்க சொன்ன கதையை அடியோட மறந்துட்டா. மறந்துபோன கதை எப்படி உதவும்?”

உலகம்மை தவலையைத் தட்டிப் பார்த்தார். தளும்பத் தளும்ப நிறைந்திருந்தது.

“இவ்வளவு கனத்தை இந்த வயசிலயும் மேடேறித் தூக்கிட்டு வந்தீங்களே ஐயா. இந்தத் தெம்பு என்னிக்குச் சாப்பிட்ட சோத்துல வந்தது?”

ஏகாம்பரம் யோசித்துப் பார்த்தார். பிறகு அடுப்படி வாசலில் உட்கார்ந்து, வெகுநேரம் தமக்குள் சிரித்துக்கொண்டிருந்தார்.