கதவுக்கு மேல் ஒரு பல்பு

"டீச்சர், வேலையே ஓட மாட்டேங்குது."

வந்ததும் வராததுமாக சீராளன் இதைத்தான் சொன்னான். ஒரு வணக்கம்கூட இல்லை.

நாற்பத்தாறு வயது. வீட்டிலிருந்தே வெப்சைட் வடிவமைக்கிற ஆள். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு பள்ளிக்கூடத்தின் வெப்சைட்டை முடிக்காவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகக் கம்பெனியில் சொல்லிவிட்டார்கள்.

பூங்கோதை டீச்சர் அவனைவிட எட்டு வயது சின்னவள். பள்ளி வேலையை விட்டுவிட்டுத் தென்காசிப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தாள். குழப்பம் என்று யார் போனாலும் காது கொடுப்பாள். பதில் மட்டும் நேராக வராது. அதுதான் அவளிடம் தொல்லை.

ஒரு கட்டு முருங்கைக்கீரையையும் முறத்தையும் அவன் முன்னால் வைத்தாள்.

"ஆஞ்சுக்கிட்டே சொல்லுங்கண்ணே."

"காதுல மாட்டிக்கிட்டுப் பாட்டு கேட்டேன். இருபத்தஞ்சு நிமிஷம் வேலை, அஞ்சு நிமிஷம் ஓய்வுன்னு அலாரம் வச்சேன்…"

"உங்க பக்கம் மழையா?"

"தூறல்தான். அப்புறம் போனை பீரோவுல வச்சுப் பூட்டினேன்…"

"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு டீச்சர். எதுவும் உதவல."

"வீட்ல யாரும் தொந்தரவு பண்றாங்களா?"

"சேச்சே. முன்னாடி பொண்ணு வருவா. இதழினி. ஏழு வயசு. ஒரு நாளைக்கு இருபது வாட்டி கதவைத் தட்டுவா. பல்லி வால் தனியா துடிக்குதும்பா. 'ழ' எழுதிட்டேன் பாருங்கப்பாம்பா."

"இப்போ?"

"தட்டுறதே இல்ல." அவன் முகத்தில் அப்படி ஒரு பெருமை. "கதவுக்கு மேல பல்பு போட்டு எட்டு மாசம் ஆச்சு. கம்ப்யூட்டர் ஓடினா தானா சிவப்பு எரியும். அணைச்சா பச்சை. சிவப்புன்னா வரக்கூடாது, பச்சைன்னா வரலாம்."

கெட்டிக்காரன்தான். வேறென்ன சொல்ல!

"கம்ப்யூட்டரை எப்ப அணைப்பீங்க?"

"ராத்திரி பதினொண்ணுக்கு, படுக்கப் போறப்போ."

"பாப்பா எப்ப தூங்குவா?"

"எட்டரைக்கு…"

கடைசிக் கொத்தை ஆய்ந்த கை நின்றுவிட்டது.

டீச்சர் முறத்தை எடுத்துக்கொண்டாள். காம்புகள் ஒரு பக்கம், இலை ஒரு பக்கம். கட்டு முழுவதும் முடிந்திருந்தது.

"இந்தக் கட்டு முடியறதுக்குள்ள நடுவுல எத்தனை கேள்வி கேட்டேன் அண்ணே?"

அவன் எண்ணவில்லை.

"நாளைக்குப் பச்சையை எரிய விட்டுட்டு வேலை பாருங்க."

"ஐயையோ, ஓயாம தட்டுவாளே!"

"தட்டட்டும். எழுந்து போங்க."

மறுநாள் பள்ளி விடுமுறை. இதழினி எழுவதற்கு முன்பே வயரை மாற்றிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தான்.

வெப்சைட்டில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு பட்டன். 'எங்களைத் தொடர்புகொள்ள.' அதை எந்த மூலையில் வைப்பது என்று நாலு நாளாக நகர்த்திக்கொண்டிருந்தான். இன்று பத்து நிமிஷத்தில் வைத்துவிட்டான். எப்படியும் இப்போது தட்டிவிடுவாள், அதற்குள் முடிப்போம் என்ற அவசரம்.

தட்டவில்லை.

ஒன்பது ஆனது. பத்தரை ஆனது. வேலையை அனுப்பியும் ஆயிற்று. எழுந்து போய்க் கூப்பிடலாம்தான். ஆனால் அவளாக வந்து தட்ட வேண்டும் என்று பாழாய்ப்போன மனசு கிடந்து அடித்துக்கொண்டது. எத்தனை 'ழ' எழுதியிருப்பாள் இந்த எட்டு மாதத்தில்! ஒன்றைக்கூடப் பார்க்கவில்லையே என்று நினைத்தபோது கண் கலங்கிவிட்டது.

பன்னிரண்டு மணிக்குக் கொலுசுச் சத்தம் கதவருகே வந்து நின்றது.

அவன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டான்.

கொலுசு திரும்பி அடுப்படிப் பக்கம் ஓடியது.

"அம்மா! அப்பா லைட்டு கெட்டுப்போச்சு. பச்சையா எரியுது!"