மஞ்சள் கார் ஏறிய காலை

“அந்தக் கார் நிக்குதா, படுத்துட்டிருக்குதா?”

டீக்கடை பெஞ்சில் இருந்த யாரோ ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, “எந்திரிக்கச் சொல்லிப் பார்த்தாத்தான் தெரியும்” என்றார்.

நாச்சிமுத்துவின் காதில் அது விழுந்தது. வேறு நாளாக இருந்தால் அவர் சிரித்திருப்பார்.

டீக்கடைக்கு எதிரே ஜெசிந்தாவின் ஷெட். கோயம்புத்தூரிலிருந்து பந்தயக் கார்களை வெளியூர்களுக்கு ஏற்றிப் போவது அவருடைய தொழில். ஒரு ஜீப்பும், அதன் பின்னால் மாட்டுகிற திறந்த டிரெய்லரும்தான் அவரிடம் இருந்தன.

நாச்சிமுத்து அவரிடம் வேலை கற்றுக்கொள்ள வந்தவர். ஐம்பதைத் தாண்டிவிட்டது. அதற்கு முன்னால் சிமென்ட் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். ஜெசிந்தா அவரைவிட நன்றாகவே இளையவர். சேர்ந்த புதிதில் நாச்சிமுத்து கிண்டலாக “குருவே” என்று கூப்பிட்டார். நாளாக ஆகக் கிண்டல் போய்விட்டது. ‘குருவே’ மட்டும் நிலைத்துவிட்டது. ஜெசிந்தா அதற்கு எப்போதும் “சொல்லுங்கண்ணா” என்பார்.

முந்தின நாள் சாயங்காலம் ஜெசிந்தா சொல்லியிருந்தார்: “நாளைக்குத் தாரணியோட மஞ்சள் கார். நீங்களே ஏத்துங்க, நீங்களே கட்டுங்க. சரியா வந்துட்டா நீங்களே சென்னைக்குக் கொண்டு போங்க.”

“தனியாவா?”

“தனியாத்தான்.”

நாச்சிமுத்து வீட்டில் போய் அதைச் சொல்லவில்லை. சொன்னால் நடக்காமல் போய்விடுமோ என்று பயம். காலையில் குளித்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார். ஜீப்பின் முன்சீட்டில் ஜெசிந்தாவின் துணிப் பை இருந்தது. வெளியூர் போகும்போது மட்டும் எடுக்கிற பை.

அவர் அதைப் பார்த்தார். நேற்றுச் சொன்ன ‘தனியாத்தான்’ ஞாபகம் வந்தது.

தாரணி காருக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். கல்லூரி முடித்த கையோடு கார் ஓட்டக் கிளம்பியவள். ஞாயிற்றுக்கிழமை சென்னையில் அவளுக்கு முதல் பந்தயம். காரின் முன்னால், தரையை ஒட்டி, உதடு மாதிரி மெல்லிய கறுப்புத் தகடு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது.

“அண்ணா, அது உடைஞ்சா வேற இல்ல” என்றாள். “உடைஞ்ச காரைப் பந்தயத்துக்குள்ளயே விடமாட்டாங்க.”

“உடையாது கண்ணு” என்றார் நாச்சிமுத்து.

டிரெய்லரின் பின்னால் ஏற்றுப் பலகைகள் இரண்டையும் சாய்த்து வைத்தார். ஜெசிந்தா தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“படுத்துப் பாருங்கண்ணா.”

நாச்சிமுத்து தன் வெள்ளைச் சட்டையை ஒருமுறை பார்த்தார். பிறகு மண்ணில் கன்னம் படப் படுத்தார். தாரணி காரைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் உருட்டினாள். சக்கரம் பலகையைத் தொடுவதற்கு இன்னும் ஒரு சாண் இருக்கும்போதே உதடு பலகையை முட்ட வந்துவிட்டது.

“நிறுத்து, நிறுத்து! இடிக்குது!”

“கார் தலையைத் தூக்குமா?” என்று கேட்டார் ஜெசிந்தா.

“தூக்காதுங்க.”

“அப்ப?”

நாச்சிமுத்து படுத்தபடியே யோசித்தார். “டிரெய்லர்தான் கீழ வரோணும்.”

“அதுக்குத்தான் நம்ம பள்ளம் இருக்குதே. டிரெய்லரை அதுல இறக்குங்க. பலகை மட்டமாயிரும்.”

நாச்சிமுத்து எழுந்திருக்கவில்லை.

“அண்ணா?”

“பள்ளம் இல்லீங்க.”

“எங்க போச்சு?”

“நீங்க ஊருக்குப் போயிருந்தப்ப மூடிப்போட்டேனுங்க. மழை பேஞ்சா தண்ணி நிக்குது, வர்றவங்க காலு நனையுதுன்னு… ஒரு வண்டி செங்கல் கொட்டி, மண்ணப் போட்டு…”

ஜெசிந்தா நடந்து போய் அந்த இடத்தைக் காலால் தட்டிப் பார்த்தார். கல்யாண மண்டபத்து வாசல் மாதிரி சமமாக இருந்தது.

“நல்லா மூடியிருக்கீங்க.”

“திம்சுக் கட்டையால இடிச்சேனுங்க” என்றார் நாச்சிமுத்து. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

முதலில் சிரித்தது தாரணிதான். வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள், முடியவில்லை. பிறகு ஜெசிந்தா சிரித்தார். கடைசியில் நாச்சிமுத்துவும் மண் ஒட்டிய கன்னத்தோடு சிரித்தார்.

கடப்பாரையும் மண்வெட்டியும் வந்தன. மூன்று பேரும் தோண்டினார்கள். எதிரே பெஞ்சிலிருந்து ஒருவர் கத்தினார்: “என்னங்க, புதையலா?”

“ஆமாங்க” என்றார் நாச்சிமுத்து. “போன மாசம் நானே வெச்சது!”

வெயில் ஏறுவதற்குள் பள்ளம் திரும்ப வந்துவிட்டது. டிரெய்லரின் சக்கரங்கள் அதில் இறங்கி உட்கார்ந்தன. ஏற்றுப் பலகைகள் கிட்டத்தட்டத் தரையோடு தரையாகப் படிந்தன. நாச்சிமுத்து டிரெய்லரில் இருந்த வின்ச் உருளையின் கம்பியை இழுத்துக் காரில் மாட்டிவிட்டு மறுபடி மண்ணில் படுத்தார். ஜெசிந்தா வின்ச்சைச் சுற்றினார். தாரணி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள்.

“வரட்டும்… வரட்டும்… மெதுவா… இன்னும்…”

உதடு பலகையின் மேல் இரண்டு விரல் இடைவெளி விட்டுக் கடந்தது. அது முழுக்கத் தாண்டுகிறவரை நாச்சிமுத்து கன்னத்தை மண்ணிலிருந்து எடுக்கவில்லை. பின்சக்கரங்களும் ஏறியதும் பெஞ்சில் இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

“எந்திரிச்சிருச்சு!” என்றது காலையில் கேட்ட அதே குரல்.

அடுத்தது கட்டுகிற வேலை. நாலு சக்கரங்களின் மேலும் பெல்ட் போட்டு, டிரெய்லரின் வளையங்களில் கொக்கியை மாட்டினார்.

“எவ்வளவு இறுக்கணுமுங்க குருவே?”

“சக்கரம் உருளாத அளவுக்கு.”

இறுக்கினார். கூரையில் கை வைத்துத் தள்ளிப் பார்த்தார். சக்கரங்கள் அசையவில்லை. ஆனால் மேலே காரின் உடம்பு ஒரு தரம் குனிந்து நிமிர்ந்தது. அவருக்கு அது பிடிக்கவில்லை. சிமென்ட் மூட்டை இப்படிக் குனிந்து நிமிர்ந்தால் லாரியை எடுக்கவே மாட்டார்.

ஜெசிந்தா கை கழுவப் போனார். நாச்சிமுத்து ஜீப்பின் முன்சீட்டைப் பார்த்தார். பை அங்கேயேதான் இருந்தது. இன்னும் இரண்டு பெல்ட்டுகளை எடுத்தார். காரின் முன்னாலும் பின்னாலும் அடியில் இருந்த கொக்கி வளையங்களில் மாட்டி, கீழ் நோக்கி இழுத்து முறுக்கினார். கார் ஸ்பிரிங்குகளின் மேல் அமுங்கியது. தள்ளிப் பார்த்தார். கல் மாதிரி இருந்தது. இப்போதுதான் அவருக்குத் திருப்தி.

ஜெசிந்தா வந்து புதுப் பெல்ட்டுகளைப் பார்த்தார்.

“ஒரு சுத்து போயிட்டு வந்துரலாம். டீ வாங்கிட்டு வாங்கண்ணா. உங்களுக்கும் தாரணிக்கும்.”

“குடிச்சிட்டுப் போலாமுங்களே.”

“வண்டியிலயே குடிங்க.”

டீக்கடைக்காரர் கிளாஸ்களை நீட்டிக்கொண்டே, “ரெண்டும் திரும்பி வரோணும்” என்றார். “சென்னைக்குப் போயிரக் கூடாது.”

ஜெசிந்தா ஓட்டினார். முன்சீட்டில் இருந்த பை காலடிக்குப் போயிற்று. நாச்சிமுத்து விளிம்பு வரை நிரம்பிய கிளாஸை இரண்டு கைகளாலும் நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஸ்பீட் பிரேக்கர். ஜீப் ஏறி இறங்கியது. டீ மொத்தமும் வெள்ளைச் சட்டையில்.

“ஐயோ, சூடு!”

அதே நேரம் பின்னால் ‘டங்’ என்று ஒரு சத்தம்.

ஜெசிந்தா ஓரமாக நிறுத்தினார். மூன்று பேரும் இறங்கிப் போனார்கள். சக்கரங்களின் மேல் போட்ட பெல்ட்டுகள் போட்டபடியே இருந்தன. முன்னால் கூடுதலாகக் கட்டிய பெல்ட் தளர்ந்து கிடந்தது. அதன் கொக்கி கழன்று விழுந்திருந்தது. கறுப்பு உதட்டுக்கும் அதற்கும் நடுவே ஒரு கை அகலம்கூட இல்லை.

தாரணி குனிந்து உதட்டைத் தடவிப் பார்த்தாள். “ஒண்ணும் ஆகல” என்றாள். இன்னொரு தரம் தடவினாள்.

“இதுக்கு மேல இறுக்க முடியாத அளவுக்கு இறுக்கினேனுங்களே” என்றார் நாச்சிமுத்து.

ஜெசிந்தா அவருடைய சட்டையைப் பார்த்தார்.

“டீ எப்படிண்ணா கொட்டுச்சு?”

“ஸ்பீட் பிரேக்கர்ல…”

“தாரணி, உனக்குக் கொட்டுச்சா?”

தாரணி கையைத் தூக்கிக் காட்டினாள். பாதி குடித்த கிளாஸ். கை சுத்தமாக இருந்தது.

“நீ எப்படிப் பிடிச்சிருந்த?”

அவள் யோசித்தாள். “தெரியலக்கா. கையில இருந்துச்சு. வண்டி குதிச்சப்ப கையும் கூடவே போச்சு.”

நாச்சிமுத்து அந்தக் கிளாஸைப் பார்த்தார், கழன்ற கொக்கியைப் பார்த்தார். பிறகு டிரெய்லரில் ஏறினார். கூடுதலாகக் கட்டிய இரண்டு பெல்ட்டுகளையும் அவிழ்த்தார். அமுங்கியிருந்த கார், சட்டைப் பட்டனைக் கழற்றிய ஆள் மாதிரி, மெல்ல மேலே வந்தது. சக்கரப் பெல்ட்டுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். கூரையைத் தள்ளினார். கார் குனிந்து நிமிர்ந்தது.

“ஆடுதுங்க குருவே.”

“ஆடட்டும்ண்ணா. குதிக்கறப்ப காரு இன்னும் அமுங்கும், இறுக்கிக் கட்டின பெல்ட்டு லூசாயிரும். சக்கரம் ஓடாம இருந்தாப் போதும்.”

திரும்பும்போது நாச்சிமுத்துதான் ஓட்டினார். அதே ஸ்பீட் பிரேக்கர். கண்ணாடியில் பார்த்தார். மஞ்சள் கார் ஒரு தரம் தலையாட்டிவிட்டு அமைதியானது. சத்தம் எதுவும் இல்லை. நாச்சிமுத்து கண்ணாடியைப் பார்த்து அவரும் ஒரு தரம் தலையாட்டினார். தாரணிக்கு மறுபடி சிரிப்பு வந்துவிட்டது.

ஷெட்டுக்கு வந்ததும் தாரணி தன் பையிலிருந்து நாலு எலுமிச்சம்பழங்களை எடுத்தாள்.

“அம்மா குடுத்து விட்டாங்க. கிளம்பறப்ப சக்கரத்துக்குக் கீழ வெக்கச் சொன்னாங்க.” காரை நிமிர்ந்து பார்த்தாள். “ஆனா காரோட சக்கரம் உருளப்போறது இல்லையே. எதுக்கு வெக்கறது?”

ஜெசிந்தா நாச்சிமுத்துவைப் பார்த்தார்.

“காரு இன்னிக்குப் பஸ்ல போற மாதிரிதான் கண்ணு” என்றார் நாச்சிமுத்து. “இழுக்கறது ஜீப்பு. இங்க ரெண்டு வைப்போம். மிச்சம் ரெண்டையும் நீ வெச்சுக்கோ. ஞாயித்துக்கிழமை காரு தானா ஓடறப்ப வேணும்.”

அவரே குனிந்து ஜீப்பின் முன்சக்கரங்களுக்கு அடியில் இரண்டை வைத்தார். தாரணி மிச்சத்தைத் தன் பையில் போட்டுக்கொண்டாள். அவளுக்கு மத்தியானம் ரயில். ஒருமுறை காரின் உதட்டைத் தொட்டுவிட்டு, “பார்த்துக் கொண்டு வாங்கண்ணா” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நாச்சிமுத்து ஓட்டுநர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். சாவியைப் போட்டார். திருப்பவில்லை. பக்கத்து சீட்டுக்குக் கீழே பை இருந்தது.

“குருவே, ஒண்ணு கேக்கட்டுங்களா?”

“கேளுங்கண்ணா.”

பையைப் பற்றிக் கேட்கத்தான் வாயெடுத்தார். வேறு எதையோ கேட்டார். “வழியில எங்கெங்க இறங்கிப் பெல்ட்டைப் பார்க்கோணும்?”

“நீங்க எங்க பார்ப்பீங்க?”

“ஊரைத் தாண்டினதும் ஒருக்கா. அப்புறம் டீக்கு நிறுத்தறப்ப எல்லாம்.”

“டீயை எப்படிப் பிடிப்பீங்க?”

நாச்சிமுத்து சட்டையிலிருந்த கறையைப் பார்த்துச் சிரித்தார். ஜெசிந்தாவும் சிரித்தார். சிரிப்பு முடிந்த பிறகும் நாச்சிமுத்து சாவியைத் திருப்பவில்லை. அவர் கண் ஒரு தரம் கீழே பைக்குப் போய் வந்தது.

ஜெசிந்தா அந்தப் பக்கக் கதவைத் திறந்தார். கூடவே போகலாம் என்று காலையில் எடுத்து வைத்த பை. அதை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். காலி கிளாஸ்கள் இரண்டையும் கையில் எடுத்தார். கதவைச் சாத்திவிட்டு, சாலையைக் கடந்து போய், கிளாஸ்களைக் கடைக்காரரிடம் கொடுத்தார். ஒரு டீ சொல்லிவிட்டு, பெஞ்சில் சாலைக்கும் ஜீப்புக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.